நாற்பத்தைந்து நாள் வேலை, நான்கு மாதக் குளம்

வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்ட எத்தனை நாள் பிடிக்கும் என்று சென்னையில் விசாரித்தால், ஒன்றரை மாதம் என்பவரும் உண்டு, மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று பிடிகொடுக்காமல் பேசுபவரும் உண்டு. ஒன்றரை மாதக்காரர் பொய் சொல்லவில்லை. ஆட்கள் வந்து, வியர்வை சிந்தி, கூலி வாங்கிப் போகும் நாட்களை மட்டும் எண்ணினால் கணக்கு ஏறக்குறைய 45 நாளில் முடிந்துவிடும். ஆனால் குளம் முடிந்திருக்காது. மிச்ச நாட்களில் களத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். சிமெண்டும் தண்ணீரும் மட்டும் தமக்குள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த வேலைக்கு ஆள் கூட்டி அவசரப்படுத்த முடியாது. குளம் ஒழுகுமா ஒழுகாதா என்பது பெரும்பாலும் அந்த ஆளில்லாத நாட்களில்தான் தீர்மானமாகிறது.

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மனை. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். உள்ளே 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர் தண்ணீர். டேங்கர் கணக்கில் 12,000 லிட்டர் லாரி நான்கு. பெரிய குளம் இல்லை. குழந்தைகள் கும்மாளம் போடவும், பெரியவர்கள் நான்கு கை போட்டுத் திரும்பவும் போதும்.

கட்டட அனுமதியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை விழுந்தால் அது தனிக் கதை, அதற்கு வேதியியல் எதுவும் கிடையாது.

மண் தோண்டுவது பார்ப்பவருக்குப் பெரிய வேலையாகத் தெரியும். உண்மையில் இருப்பதிலேயே வேகமானது அதுதான். சுற்றிலும் ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டு, பத்துக்கு ஆறு மீட்டர் குழியாக ஏறத்தாழ 1.9 மீட்டர் ஆழம் போனால் 114 கன மீட்டர் மண். தோண்டிய மண் இறுக்கம் தளர்ந்து கால் பங்கு வரை உப்பும். ஆகவே லாரியில் ஏறுவது 140 கன மீட்டருக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் பதினாறு, பதினேழு லோடு. ஒரு ஜே.சி.பி. இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். கரிசல் மண்ணாக இருந்தால் அது ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் என்பதால் குளத்தின் அடியில் மண்ணையே மாற்ற வேண்டியிருக்கும். பாறை வந்தால் பிரேக்கர் வர வேண்டும். கடலோர மணலில் தொல்லை வேறு மாதிரி: குழியின் விளிம்பு நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும், ஒரு மீட்டர் தாண்டியதும் பல இடங்களில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வரும்.

இந்த ஊற்றுத் தண்ணீரைப் பலர் வெறும் சகதித் தொல்லையாகத்தான் நினைக்கிறார்கள். அதன் உண்மையான ஆபத்து பின்னால் வருகிறது. நம் குளத்தின் தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், கான்கிரீட்டின் மொத்த அளவு கிட்டத்தட்ட 15 கன மீட்டர். கம்பியோடு சேர்த்துக் கன மீட்டருக்கு இரண்டரை டன் என்றால் காலித் தொட்டியின் எடை 37 டன். அதன் வெளி அளவு 8.4 மீட்டருக்கு 4.4 மீட்டர், அதாவது 37 சதுர மீட்டர். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதிப்படி, தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் அடிமட்டத்திலிருந்து ஒரே ஒரு மீட்டர் உயர்ந்தால் அது மேல்நோக்கித் தள்ளும் விசையும் 37 டன். அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரும்போதும் தொட்டி மண்ணின் பிடியை மட்டும் நம்பி நிற்கிறது. காலியான குளம் ஒரு தோணிதான். மிதக்கத் தேவையான தண்ணீர் வெளியே மண்ணுக்குள் இருக்கிறது, அவ்வளவே. குளம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் 48 டன் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நீச்சல் குளத்துக்கு ஆபத்தான நிலை அது காலியாக இருக்கும் நிலை. கட்டி முடியும் வரை அது காலியாகத்தான் இருக்கிறது.

இதைத் தடுக்கச் சில வழிகள் உண்டு. தரைத் தளத்தைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டிவிட்டால் அதன் மேல் விழும் மண்ணின் எடையும் தொட்டியோடு சேர்ந்து அழுத்தும். தரையின் தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு வைக்கலாம். வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட்டுவிடும். உள்ளே கலங்கல் நீர் வருவது, குளம் மேலே எழும்பி, குழாய்கள் எல்லாம் முறிவதைவிட எவ்வளவோ மேல். கட்டும் காலத்தில் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலோர நிலத்தடி நீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அங்கே கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆகஸ்டில் குழி தோண்டத் தொடங்குபவர் அந்த மழையைக் காலித் தொட்டியோடு எதிர்கொள்கிறார். ஜனவரியில் தொடங்குபவருக்கு அந்தக் கவலை இல்லை.

குழிக்கு அடியில் ஜல்லிப் படுகை, அதன் மேல் பி.சி.சி. என்ற கம்பியில்லாக் கான்கிரீட், அதன் மேல் இரட்டை வலையாகக் கம்பி. கம்பி கட்ட ஒரு வாரம் ஆகும். இந்தக் கட்டத்திலேயே அடி வடிகால், தண்ணீர் திரும்பி வரும் குழாய்கள், மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் இடம்பிடித்துவிட வேண்டும். பிறகு கான்கிரீட்டைத் துளைத்துக் குழாய் விடுவது ஒழுகலுக்கு நாமே வைக்கும் வாசல். அடி வடிகால் ஒன்றுக்கு இரண்டாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்து, ஒரு குழந்தையின் உடல் அதை மூடிவிட்டால், பம்பின் இழுவிசை முழுவதும் அங்கே குவியும். இரண்டு இருந்தால் தண்ணீர் மற்றதன் வழியே போய்விடும். இதில் செலவு மிச்சம் பிடிக்க நினைப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பிறகு கான்கிரீட். தரை ஒரு நாள். இரண்டு மூன்று நாள் கழித்துச் சுவருக்கு சென்ட்ரிங் அடிக்க ஒரு வாரம். சுவர் ஊற்ற இன்னொரு நாள். தரைக்கும் சுவருக்கும் இடையே இப்படி ஒரு இணைப்புக் கோடு வந்தே தீரும். பழைய கான்கிரீட்டும் புதியதும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர ஒன்றாகிவிடாது. அதனால் அந்தக் கோட்டின் நடுவே ரப்பர் அல்லது பி.வி.சி.யில் ஒரு தடுப்புப் பட்டையை, பாதி தரையிலும் பாதி சுவரிலுமாகப் புதைக்கிறார்கள். சின்னச் செலவுதான். மேஸ்திரி அதை மறந்தால் பிறகு ஆயிரக்கணக்கில் போகும்.

இணைப்பே இல்லாமல் முழுத் தொட்டியையும் ஒரே மூச்சில் செய்ய ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் கட்டடப் பொறியாளர் இல்லை. கார்ல் ஏக்லி அமெரிக்காவில் விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல நிறுத்தும் கலைஞர். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். அந்தக் கட்டடத்தின் வெளிப்பூச்சு பெயர்ந்து அசிங்கமாக இருந்தது. அதைச் சரிசெய்ய, உலர்ந்த சிமெண்டு மணல் கலவையை அழுத்தக் காற்றில் குழாய் வழியே தள்ளி, முனையில் தண்ணீர் கலந்து பீய்ச்சும் துப்பாக்கி ஒன்றை அவர் உருவாக்கினார். 1911இல் காப்புரிமை கிடைத்தது. கனைட் என்ற பெயரில் அது உலகெங்கும் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் வீட்டுக்கு வீடு குளம் வந்ததற்கும், அவை சதுரத்தை விட்டுச் சிறுநீரக வடிவத்துக்கு மாறியதற்கும் இந்தத் துப்பாக்கி பெரிய காரணம். வெளிப்பக்கத்துக்குத் தோண்டிய மண்ணே அணைப்பு, உள்பக்கம் பலகையே வேண்டாம், வளைவு எப்படி வேண்டுமானாலும் வரும். நம் குளத்தின் அளவுக்கு முழுத் தொட்டியையும் ஓரிரு நாளில் பீய்ச்சிவிடலாம். ஆனால் இயந்திரமும் தேர்ந்த கையும் வேண்டும். தெறித்து விழும் கலவையை அள்ளி மறுபடி பூசும் ஆளிடம் மாட்டினால் அவ்வளவுதான். தமிழ்நாட்டு வீட்டுக் குளங்களில் இன்னமும் பலகை அடித்து ஊற்றுவதே வழக்கம். துப்பாக்கியால் பீய்ச்சினாலும் மிச்சமாவது ஒரு வாரம், பத்து நாள். அடுத்து வரும் காத்திருப்பை அது தொடுவதில்லை.

கான்கிரீட் காய்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது காய்வதில்லை. காய்ந்தால் கெட்டுப்போகும். சிமெண்டுத் தூளில் முக்கியமானது ட்ரைகால்சியம் சிலிக்கேட். தண்ணீர் பட்டதும் அது கரைந்து, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற மிக நுண்ணிய கூழ்மமாகவும், கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பாகவும் மறுபிறவி எடுக்கிறது. மணலையும் ஜல்லியையும் கட்டிப்போடுவது அந்தக் கூழ்மம். தண்ணீர் இங்கே ஆவியாகி வெளியேற வேண்டிய விருந்தாளி இல்லை. கட்டமைப்பின் பகுதியாகவே மாறும் மூலப்பொருள்.

முதல் சில நாள் இது மளமளவென்று நடக்கும். பிறகு ஒவ்வொரு சிமெண்டுத் துகளையும் சுற்றி அந்தக் கூழ்மமே ஓர் உறையாகப் படிந்துவிடுகிறது. உள்ளே மிச்சமுள்ள சிமெண்டைத் தொடத் தண்ணீர் அந்த உறையை ஊடுருவிப் போக வேண்டும். உறை தடிக்கத் தடிக்க வேகம் குறைகிறது. ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும். மீதிக்கு இன்னும் மூன்று வாரம். அதன் பிறகும் மாதக்கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். 28 நாள் என்று பொறியாளர்கள் சொல்லும் எண்ணுக்குள் ரசாயன ரகசியம் எதுவும் இல்லை. ஏழின் மடங்கு, திங்களன்று ஊற்றினால் சோதனையும் திங்களன்றே விழும்.

வீட்டுச் சுவருக்குப் பலம் இருந்தால் போதும். குளத்துக்கு அது போதாது, தண்ணீர் புகாமை வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக்கியவர் அமெரிக்க போர்ட்லாந்து சிமெண்ட் சங்கத்தின் ஆய்வாளர் ட்ரெவல் பவர்ஸ். கலவையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதிதான் சிமெண்டோடு சேரும். மிச்சத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக, ஒன்றோடொன்று தொடுத்து, கான்கிரீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பாதை போட்டிருக்கும். வளரும் கூழ்மம் இந்தப் பாதைகளை அங்கங்கே அடைத்துக்கொண்டே வரும். எல்லாப் பாதையும் துண்டிக்கப்படும் நாள் எது என்று பவர்ஸ் குழு 1959இல் கணக்கிட்டது. சிமெண்டின் எடையில் 0.40 பங்கு தண்ணீர் என்றால், ஈரமாக வைத்திருந்தால், மூன்று நாள். 0.45 என்றால் ஏழு நாள். 0.50 என்றால் இரண்டு வாரம். 0.60 என்றால் ஆறு மாதம். 0.70 என்றால் ஒரு வருடம். அதைத் தாண்டினால் எத்தனை காலம் நனைத்தாலும் அடையாது. நிரப்பப் போதுமான கூழ்மம் அந்தக் கலவையில் உண்டாவதே இல்லை.

இந்த எண்களைக் களத்தில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. 0.45 விகிதத்துக்கு இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர். 0.60 விகிதத்துக்கு 30 லிட்டர். வித்தியாசம் ஏழரை லிட்டர், மூட்டைக்கு அரைக் குடம். சித்தாள் ஒருவர் கலவை கெட்டியாக இருக்கிறதென்று அரைக் குடம் கூட ஊற்றினால், ஒரு வாரத்தில் மூட வேண்டிய பாதை ஆறு மாதம் திறந்திருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரியிலும் இதே கதைதான். ஓ.எம்.ஆர். நெரிசலில் வெயிலில் நின்று கலவை இறுகத் தொடங்கியிருக்கும். களத்துக்கு வந்ததும் ஓட்டுநர் டிரம்முக்குள் ஹோஸ் பைப்பைச் சொருகுவார். கலவை அழகாக வழிந்து ஓடும், எல்லோருக்கும் வேலை சுலபமாகும். இதைத் தடுக்கத்தான் தண்ணீர் சேர்க்காமலேயே கலவையை இளக்கும் பாலிகார்பாக்சிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மணலிலேயே தண்ணீர் இருக்கும், அதையும் கழிக்க வேண்டும். நீரைத் தாங்கும் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு ஐ.எஸ். 3370, எம்30 தரக் கான்கிரீட்டும் 0.45 உச்சவரம்பும் கேட்பதற்குப் பின்னால் இருப்பது இந்த நுண்துளைக் கணக்கு.

கூழ்மம் வளர ஈரம் வேண்டும். துளைகளுக்குள் ஈரப்பதம் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். மே மாத வெயிலும் கடற்காற்றும் ஒரு நாளிலேயே மேல்பரப்பை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், சுவரில் சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டே இருப்பதும் இதற்காக. கியூரிங் என்பது இதுதான். ஐ.எஸ். 456 விதி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வறண்ட வெக்கைக்கும் பத்து நாள், முடிந்தால் பதினான்கு என்கிறது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பங்கு மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களின் சாம்பல் கலந்த பி.பி.சி. அந்தச் சாம்பல், வினையில் உபரியாக வந்த சுண்ணாம்பைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கூழ்மமாக மாற்றும். முடிவில் கான்கிரீட் அடர்த்தியாகும், குளத்துக்கு நல்லது. ஆனால் அது சோம்பேறி வினை, நிதானமாகத்தான் நடக்கும். பி.பி.சி. வாங்கி, ஏழாம் நாளில் சாக்கை எடுத்துவிட்டால் அந்த நல்ல குணம் முழுவதும் வீண். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஹோஸ் அடிப்பதைக் கியூரிங் என்று சொல்லிக்கொள்வதும் பழக்கத்தில் இருக்கிறது. நடுப்பகலில் சுவர் காய்ந்து வெளுத்திருந்தால் அது கியூரிங் இல்லை.

பலம் ஏறியதும் பூச்சும் டைல்ஸும் போட எல்லோருக்கும் கை பரபரக்கும். அங்கே இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். வெற்றுத் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. நிரப்பியதும் முதல் ஏழு நாள் எதையும் அளக்கக் கூடாது. கான்கிரீட் தன் துளைகளுக்குள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் காலம். எட்டாம் நாள் மட்டத்தைக் குறித்து, அடுத்த ஏழு நாள், 24 மணிக்கு ஒரு முறை அளக்க வேண்டும். மேலே மூடிய நிலத்தடித் தொட்டியில் மொத்த இறக்கம் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஐ.எஸ். 3370 அதை ஏற்கிறது. திறந்த குளத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏழு நாளில் 40 என்றால் ஒரு நாளைக்கு 5.7 மில்லிமீட்டர். சென்னைக் கோடையில் வெறும் ஆவியாதலே நாளுக்கு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஒழுகாத குளமும் தேறாததுபோலத் தெரியும். ஒழுகும் குளத்தை வெயிலின் மேல் பழி போட்டுத் தேற்றிவிடவும் முடியும். தீர்வுக்கு ஒரு பக்கெட் போதும். குளத்தின் படியில், பாதி மூழ்கியபடி, அதே தண்ணீரை நிரப்பிய பக்கெட்டை வையுங்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே காற்று. பக்கெட்டில் இறங்கிய அளவைக் குளத்தில் இறங்கிய அளவிலிருந்து கழித்தால் மிச்சம் ஒழுகல்.

குழியைச் சுற்றி மண் நிரப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. சுவரின் வெளிப்பக்கம் எங்கே ஈரம் கசிகிறதென்று கண்ணால் பார்த்துவிடலாம். 48,000 லிட்டரை வெறும் சோதனைக்கு வாங்குவதா என்ற தயக்கம் நியாயமானதுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் இதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது செலவாகும் நான்கு லாரித் தண்ணீர், ஒழுகும் குளம் ஒன்று வருடக்கணக்கில் குடிக்கப்போகும் தண்ணீரோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. சோதனையில் தேறியபின் தண்ணீரை இறைக்கும்போது அடுத்து வரும் பூச்சை நனைக்க ஒரு பகுதியைத் தொட்டிகளில் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

சோதனை முடிந்து காலி செய்ததும் நீர்க்காப்புப் பூச்சு. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்களுக்கும் இதே கவலை இருந்தது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குளத்தில், ஜிப்சம் சாந்தில் நெருக்கமாக அடுக்கிய செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் ஓர் அடுக்காகப் பூசியிருந்தார்கள். இன்று சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு, இரண்டு கை, ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. அது இறுக ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. பிறகு சிமெண்டுப் பூச்சு, அதை ஒரு வாரம் நனைப்பது.

டைல்ஸைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு ஒரு காரணம் சுருக்கம். கான்கிரீட் ஈரம் இழக்கும்போது சுருங்கும். தனியாகத் தரவு இல்லாதபோது வடிவமைப்புக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு என்று கொள்ளச் சொல்கிறது ஐ.எஸ். 456. நம் எட்டு மீட்டர் சுவருக்கு அது 2.4 மில்லிமீட்டர். சின்ன எண்தான். ஆனால் கண்ணாடி மொசைக் டைல் சுருங்காது. அடியில் உள்ளது நகர, மேலே உள்ளது அப்படியே நிற்க, நடுவில் இருக்கும் பசை அறுபடும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் கேட்கும் டைல்கள் பல, அவசரப்பட்டு ஒட்டியவை. ஒட்டுவதற்குப் பத்து நாள், இடைவெளியை அடைக்கும் கிரௌட்டுக்கு மூன்று நாள், பிறகு தண்ணீர் படாமல் இரண்டு வாரம். உரிமையாளரைத் தூங்கவிடாத இரண்டு வாரம் இதுதான்: நீலக் குளம் கண்முன் பளபளக்கிறது, நாளை உறவினர் வருகிறார்கள், நிரப்பினால் என்ன என்று தோன்றும். பசைக்கும் கிரௌட்டுக்கும் உற்பத்தியாளர் குறித்திருக்கும் நாள், பையின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். மண் வேலை, பி.சி.சி., கம்பி, சென்ட்ரிங், ஊற்றுவது, பிரிப்பது, நீர்க்காப்பு, பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஆட்கள் கை வைக்கும் நாட்கள் 45 சொச்சம். காத்திருப்பு: தரைக்கும் சுவருக்கும் நடுவே மூன்று, சுவர் பலம் பெற 28, நீர்ச் சோதனைக்கு நிரப்பிக் காலி செய்வதையும் சேர்த்து 17, நீர்க்காப்புக்கும் பூச்சுக்கும் 13, டைல்ஸுக்குப் பின் 14. இது 75. மொத்தம் நான்கு மாதம். இன்னும் பத்து ஆட்களைக் கூட்டி வந்தால் 45 முப்பதாகலாம். 75 அப்படியே இருக்கும்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபைபர் கிளாஸ் தொட்டி இருக்கிறது. தொழிற்சாலையிலேயே வார்த்து, டிரெய்லரில் ஏற்றி, கிரேனில் இறக்குவார்கள். ரசாயனக் காத்திருப்பு முழுவதும் தொழிற்சாலையில் முடிந்துவிட்டதால் களத்தில் இரண்டு மூன்று வாரம் போதும். அகலம், சாலையில் போகக்கூடிய லாரியின் அகலத்தைத் தாண்டாது. உங்கள் தெருவில் கிரேன் திரும்புமா என்பதும் கேள்வி. எடை மிகக் குறைவு என்பதால் முன்னே சொன்ன மிதக்கும் ஆபத்து இதற்குப் பல மடங்கு அதிகம். அதனால் வெளியே மணல் நிரப்ப நிரப்ப உள்ளேயும் தண்ணீரை அதே மட்டத்துக்கு உயர்த்திக்கொண்டே வர வேண்டும். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரும்பிய வடிவம் வேண்டும் என்று அடம்பிடிக்காதவருக்கு இது நல்ல பேரம்.

கான்கிரீட் குளத்தில் தண்ணீர் நிறைந்த நாளையும் முடிந்த நாள் என்று சொல்லிவிட முடியாது. பூச்சிலும் சிமெண்டு வகைக் கிரௌட்டிலும் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து தண்ணீரில் சேரும், காரத்தன்மை ஏறும். இதில் குளோரின்தான் அடிபடுகிறது. தண்ணீரில் குளோரின் இரண்டு வடிவில் இருக்கும். கிருமியை வேகமாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் அயனி வடிவம் பல மடங்கு மந்தம். பி.எச். 7.5இல் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 8.5க்குப் போனால் வேலை செய்யும் வடிவம் பத்தில் ஒரு பங்கு. அதே அளவு மருந்து போட்டிருப்பீர்கள், தண்ணீர் பாசி பிடிக்கத் தொடங்கும். புதுக் குளத்தில் முதல் மாதம் தினமும் பி.எச். பார்த்து, அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 7.2க்கும் 7.8க்கும் நடுவே பிடித்து வைப்பது இதற்காக. நேர் வெயில் வேறு, காப்பு ரசாயனம் எதுவும் இல்லாத குளோரினில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் சிதைத்துவிடும். அதனால் சயனூரிக் அமிலம் அளவாகச் சேர்ப்பார்கள்.

நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்ஃபிரட் லாங்கலியர் 1936இல், ஒரு தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, கரைத்துத் தின்னுமா என்று சொல்லும் குறியீட்டை வகுத்தார். நகரக் குழாய்களுக்குள் அரிப்பைக் கட்டுப்படுத்த எழுதிய சூத்திரம் அது. இன்று உலகமெங்கும் நீச்சல் குளக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். பி.எச்., வெப்பம், கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்பு ஆகிய ஐந்தும் போதும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் டைல்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும். அதைத் தவிர்க்க முழுக் குளத்தையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பும் வசதிக்காரர்களும் உண்டு. கால்சியமே இல்லாத அந்தத் தண்ணீர் பசியோடு வந்து, சிமெண்டு கிரௌட்டிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுத்துக்கொள்ளும். கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது இரண்டு தொல்லைக்கும் நடுவில். போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நிரப்பும் முன்பே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்துகொள்வது பெரிய செலவில்லாத காரியம்.

ஜனவரி முதல் வாரம் குழி தோண்டினால் மே முதல் வாரம் தண்ணீரில் இறங்கலாம், மாதக் கடைசியில் பி.எச். அடங்கியிருக்கும். ஒப்பந்தம் எழுதும்போது கடைசித் தவணையில் ஒரு பங்கை டிசம்பர் வரை பிடித்து வைக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். வெளியே நிலத்தடி நீர் ஏறி, சுவரையும் தரையையும் மறுபக்கத்திலிருந்து அழுத்திப் பார்ப்பது வடகிழக்குப் பருவமழையில்தான்.